பாஸ் என்னுஞ் சொல்

கார்த்திகைத் தீபத் திருநாளொன்றில் காலை முதல் இரவு வரையில் நாம் திருவண்ணாமலை நகரில் தங்கியிருக்க நேர்ந்தது. அன்று நம் செவியில் மிகுதியாய் விழுந்த சொல் யாதென்று நேயர்கள் வினவுவராயின், 'அரோகரா' என்பதே என்று தயங்காமற் கூறுவோம். அதற்கு அடுத்தபடியாக விழுந்தது யாதெனின், 'பாஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லேயாம்.

பஸ்ஸில் நம் அருகே நின்ற மாணவனொருவன் நடத்துநரை நோக்கிப் 'பாஸ்' என்றான். அவர் தலையசைத்துவிட்டு அப்பாற் சென்றார். ஊரெல்லையில் நின்ற காவலர், வண்டியோட்டிகளைப் 'பைபாஸ்' வழியே செல்லுமாறு பணித்தார். தேநீர்க் கடையில் ஒரு பெரியவர், தம் மகன் கணக்கிற் பாஸாகிவிட்டதையும், தம் தமையனார்க்கு இருதயத்தில் பைபாஸ் செய்திருப்பதையும் ஒரே மூச்சில் நண்பரிடம் கூறினார். கடலை விற்போர் தம் சரக்கிற்கு 'டைம்பாஸ்' என்றே பெயரிட்டுக் கூவினர். மாலையிற் கோபுர வாயிலை அடைந்தோம். அங்கே 'பாஸ் இருக்கிறதா?' என்னும் வினா வந்தோர் அனைவரையும் எதிர்கொண்டது.

அவ்வாயிலின் அருகே, கையில் ஒரு சிறு துணிமூட்டையோடு மூதாட்டியார் ஒருவர் வந்து நின்றார். ஆங்கிருந்த காவலர் மரியாதையாகவே, "பாஸ் இருந்தாத்தான் உள்ள விடுவாங்க, பாட்டிம்மா" என்றார். அம்மூதாட்டியார் சிறிதும் வருந்தினாரல்லர். "சாமிய மலைமேலயே பாத்துக்கறேன்பா. மலையச் சுத்தறதுக்கு யாரு பாஸ் கேக்கறாங்க?" என்று கூறி, நகைத்த முகத்தோடு கிரிவலப் பாதையை நோக்கி நடந்தார். அவர் கூறிய அம்மொழியே இவ்வியாசத்திற்கு வித்தாயிற்று.

இச்சொல்லின் பிறப்பை முதற்கண் ஆராய்வோம். இலத்தீன் பாஷையிற் 'பாஸுஸ்' என்பது காலால் எடுத்துவைக்கும் அடியைக் குறிப்பது. அதினின்று அடிவைத்துச் செல்லுதல் என்னும் வினை பிறந்து, பிரெஞ்சு பாஷையில் வழங்கிப் பின்னர் ஆங்கிலத்திற் புகுந்தது. ரோமானியர் இடக்கால் ஊன்றிய இடத்திலிருந்து மீண்டும் இடக்கால் ஊன்றும் இடம் வரையில் ஒரு பாஸுஸ் என்று கணக்கிட்டு, அத்தகைய ஆயிரம் கொண்ட தூரத்தைச் சாலைகளில் அளந்து கல் நாட்டினர். ஆயிரம் என்று பொருள்படும் அவர்தம் சொல்லே 'மைல்' என மருவிற்று. ஆகவே பாஸும் மைலும் ஒரே சாலையில் வளர்ந்த சொற்களாம். அண்ணாமலையைச் சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர் நீளமுடையது. ரோமானியர் கணக்கில் அஃது ஏறத்தாழ 9,500 பாஸுஸ் ஆகும். நாம் கண்ட மூதாட்டியாரிடத்துப் பாஸ் இல்லை என்றன்றோ எண்ணினோம்? அவர் காலடியில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு இருந்தன!

அடிவைத்தலை மாத்திரம் குறித்த இச்சொல், ஆங்கிலத்தில் எத்துணைப் பொருள்களை மேற்கொண்டிருக்கிறது! ஆற்றைக் கடத்தலும் பாஸ். மலைகளினிடையே அமைந்த வழியும் பாஸ். காலங் கழிதலும், துன்பம் நீங்குதலும், உயிர் பிரிதலும் இச்சொல்லாலேயே கூறப்படும். தந்தையின் சொத்து மகனைச் சேர்தலும், நீதிபதி தண்டனை விதித்தலும், சட்டசபை ஒரு மசோதாவை நிறைவேற்றுதலும், ஆட்டக்காரன் பந்தைத் தன் தோழனுக்குத் தள்ளுதலும், சீட்டாடுவோன் தன் முறையை விட்டுக்கொடுத்தலும், மாணாக்கன் பரீட்சையில் தேறுதலும், வாயிற்காவலனிடம் நீட்டுந் துண்டுக் காகிதமும் பாஸே.

ஒரு சொல் பல பொருள்களைத் தாங்குதல் குற்றமன்று. நம் மொழியிலும் அது பெருவழக்காய் உளது. 'இறத்தல்' என்பதற்குக் கடத்தல் என்றும் சாதல் என்றும் பொருளுண்டு. கடந்துபோன காலத்தை 'இறந்தகாலம்' என்று இலக்கணம் கூறும். அக்காலத்தை ஆங்கிலேயர் குறிக்குஞ் சொல்லும் பாஸ் என்னும் வினையினின்று பிறந்ததே. தொலைவிற் பிறந்த இரு மொழிகள் ஒரே வழியில் நடந்திருத்தல் வியப்பன்றோ? 'கட' என்னும் அடியினின்றே வழி என்னும் பொருள்படும் 'கடவு' தோன்றிற்று. இலங்கைத் தமிழர் நெடுநாளாக வழங்குவதும், இன்று இங்கும் பரவியிருப்பதுமாகிய 'கடவுச்சீட்டு' என்னும் அழகிய சொல் அதன் வழியே வந்தது. எல்லாவற்றையும் கடந்து நிற்போன் என்று 'கடவுள்' என்னும் பெயருக்கும் பொருள் உரைப்பர்.

ஆயினும், ஒரு சொல் பல இடங்களில் நிற்குங்கால் அவ்வவ்விடத்துப் பொருளைப் பகுத்துணர்தல் அறிவுடையோர் கடமை. இதற்கு நம் கல்லூரி மாணவர் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். மத்தேயு எழுதின சுவிசேஷத்தின் 24-ஆம் அதிகாரத்தில் வானமும் பூமியும் நிலையாமை கூறப்படுகிறது. 26-ஆம் அதிகாரத்திற் கெத்செமனே தோட்டத்து ஜெபத்திலே துன்பத்தின் பாத்திரம் கூறப்படுகிறது. கிரேக்க மூலத்தில் இவ்விரண்டிடத்தும் நிற்கும் வினை ஒன்றே. பழைய ஆங்கில வேதாகமமும் இரண்டிடத்தும் பாஸ் என்னுஞ் சொல்லையே ஆண்டது. தமிழில் மொழிபெயர்த்தோரோ, வானமும் பூமியும் 'ஒழிந்துபோம்' என்றும், பாத்திரம் 'நீங்குதல்' வேண்டும் என்றும் வேறுபடுத்தினர். அழிதல் வேறு, விலகுதல் வேறு என்று அவர்கள் நின்று சிந்தித்தமை இதனாற் புலப்படும். நாமோ இன்று நின்று சிந்திப்பதில்லை. எல்லாவற்றிற்கும் 'பாஸ்' என்று கூறி அப்பால் நடக்கின்றோம்.

இதனால் விளையுங் கேடு யாது? ஒரு நாளில் நாம் கேட்டவற்றையெல்லாம் மீண்டும் நோக்குவோமாயின் ஓர் உண்மை விளங்கும். பாஸ் என்னுஞ் சொல்லின் பொருள்கள் இரு பெரும் பிரிவினவாகும். தன் காலால் தானே கடந்து செல்லுதல் ஒன்று. பிறர் விட, அவர் விடையைப் பெற்றுச் செல்லுதல் மற்றொன்று. ஆற்றைக் கடப்போன் முதல் வகை. சீட்டை நீட்டுவோன் இரண்டாம் வகை. ஆங்கிலம் இவ்விரண்டையும் ஒரு பெயரால் அழைக்கிறது. தமிழர்களாகிய நாம் இச்சொல்லைக் கடன் வாங்கியபோது பெரும்பாலும் வாங்கியது இரண்டாம் வகையையேயாகும். மலைவழியை நாம் பாஸ் என்பதில்லை, கணவாய் என்கிறோம். ஆற்றைப் பாஸ் செய்தோம் என்று எந்த உழவனும் கூறான். பஸ் பாஸ், கேட் பாஸ், விடுதி மாணவர் அஞ்சும் அவுட் பாஸ், அலுவலகத்தில் பில் பாஸாதல் ஆகிய இவையே நம் நாவிற் பழகியவை. பந்தும் புறவழியும் கடலையும் விலக்காக நிற்க, ஏனைய யாவும் ஒருவர் கேட்க மற்றொருவர் கொடுப்பனவாம். சொல்லின் நடக்கும் பாதியை விட்டுவிட்டுக் கைநீட்டும் பாதியை எடுத்துக்கொண்டோம்.

விட்டுவிட்ட பாதியின் பெருமையை அறியத் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் என்னும் ஊர் உளது. மேட்டுநிலத்தினின்று கீழ்நாட்டிற்கு இறங்கும் மலைவழி அதனருகே செல்கிறது. 1767-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் ஹைதர் அலி, நிஜாம் ஆகியோரின் படைகளுக்கும், கர்னல் ஜோசப் ஸ்மித் நடத்திய கும்பினிப் படைக்கும் அவ்விடத்திற் போர் நிகழ்ந்தது. அதைக் குறித்த ஆங்கிலச் சரித்திர நூல்களில் அவ்வழி 'பாஸ்' என்றே வரையப்பட்டுள்ளது.

அப்போர்க்குப் பன்னூற்றாண்டுகட்கு முன்னரே அந்நிலத்து வழிகளைப் பாடிய தமிழ் நூலொன்று உளது. பத்துப்பாட்டினுள் இறுதியதாகிய மலைபடுகடாம் அது, பெருங்கௌசிகனார் இயற்றியது, 583 அடிகளையுடையது. அதன் தலைவன் நன்னனது ஊராகிய செங்கண்மாவே இற்றைச் செங்கம் என்பது அறிஞர் கொள்கை. பரிசில் பெற்று மீளுங் கூத்தன் ஒருவன், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொரு கூத்தனுக்கு அவ்வழியைக் கூறுகிறான். பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும் இடம், பாம்பு உறையும் இடம், புனங்காப்போர் எறியும் கவண்கல் வரும் இடம், பாறை வழுக்கும் இடம் ஆகிய யாவற்றையும் எடுத்துரைத்து, இன்னவாறு தப்பிச் செல்க என்கிறான். அவன் கையிற் சீட்டு எதுவுங் கொடுத்தானில்லை. தான் நடந்த வழியின் அறிவைக் கொடுத்தான், நடக்கவேண்டியவன் கேட்டவனே. இதனையே நம் முன்னோர் ஆற்றுப்படை என்றனர். நல்லாசிரியர் ஒருவர் தம் மாணாக்கற்குச் செய்வதும் இதுவன்றோ?

இனி, நாம் எடுத்துக்கொண்ட பாதியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1860-ஆம் ஆண்டு அக்டோபரிற் சென்னையினின்று புறப்பட்ட 'ட்ரூரோ' என்னுங் கப்பல், ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பன் துறையை அடைந்தது. 1911 வரையில் ஏறத்தாழ 1,52,000 இந்தியர் அவ்வாறு நேட்டாலுக்குச் சென்றனர். அவருட் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தினர் பலர். திருவண்ணாமலையும் ஒருகால் அம்மாவட்டத்தில் அடங்கியிருந்ததே. கடலையே கடந்து சென்ற அம்மக்கள், எஜமானன் எழுதிக்கொடுத்த அனுமதியின்றித் தோட்டத்து எல்லையைக் கடந்து நெடுந்தூரஞ் செல்லுதல் குற்றமாயிற்று. பின்னர் டிரான்ஸ்வாலில் இந்தியர் யாவரும் விரற்குறி பதித்த பதிவுச் சீட்டை வைத்திருத்தல் வேண்டுமென்று சட்டம் வந்தது. 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் ஜோகானஸ்பர்க் நகரத்து மசூதியொன்றின் முன்னே காந்தியடிகள் தலைமையிற் கூடிய மக்கள், இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட அச்சீட்டுகளைத் தீயிலிட்டனர். தமிழர் அவ்வறப்போரில் முன்னின்றனர். அந்நாட்டுக் கறுப்பின மக்களை வருத்திய 'பாஸ்' சட்டங்களோ அதன் பின்னும் நெடுங்காலம் நிலைத்தன. அவற்றை எதிர்த்து 1960 மார்ச்சு 21-இல் ஷார்ப்வில்லில் திரண்டவருள் 69 பேர் காவலரின் துப்பாக்கிக்கு இரையாயினர். ஒரு காகிதத் துண்டு எத்துணைக் கொடிதாகலாம் என்பதற்கு இவை சான்று.

இதனாற் சீட்டு முறை முழுதும் தீது என்பது நம் அபிப்பிராயமன்று. 2020-இற் கொள்ளைநோய் பரவியபோது, தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டஞ் செல்ல 'இ-பாஸ்' வேண்டியதாயிற்று. திருமணம், மரணம், மருத்துவம் முதலிய காரணங்களைக் காட்டி மக்கள் அதனைப் பெற்றனர். அதனால் அல்லலுற்றோர் பலராயினும், நோயைத் தடுத்தற்கு ஒரு வேலி வேண்டியிருந்தது. தீபத் திருநாளிற் கோயிலுள் இடமோ சிறிது; வருவோரோ பல இலட்சம். நெரிசலால் உயிர்ச்சேதம் நேராமற் காக்கச் சீட்டுக் கொடுத்தல் நியாயமே. 2024 டிசம்பர் 1-ஆம் நாள் பெருமழையால் அம்மலைச் சரிவு இடிந்து எழுவர் மாண்டனர். அவ்வாண்டுத் தீபத்தன்று மக்கள் மலையேற விடப்படவில்லை. அத்தடையை யார் குறைகூறுவர்? உயிரைக் காக்குஞ் சீட்டு வேறு, தரத்தைக் காட்டுஞ் சீட்டு வேறு. தன்னிடம் பாஸ் உண்டென்று ஒருவன் பெருமை பேசி, அஃதில்லாதானை இழிவாய் நோக்கத் தொடங்கும்போதே சீட்டு தன் தொழிலை மறந்துவிடுகிறது.

நிற்க. வித்தியார்த்திகளாகிய நம் நேயர்க்கு நாம் முக்கியமாகக் கூற விரும்புவது பரீட்சையைக் குறித்ததாம். பரீட்சையிற் 'பாஸ்' ஆதலைத் தமிழில் தேறுதல் என்றும், தேர்ச்சி என்றும் வழங்குகிறோம். தேர்தல் என்பது ஆராய்தல். தேறுதல் என்பதற்குத் தெளிதல், துணிதல், நோய் நீங்கி வலிமை பெறுதல் எனப் பொருள்கள் உள. திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தில் ஆராய்ந்து நம்புதல் என்னும் பொருளில் அதனை ஆளுகிறார். ஆகவே தேறியவன் யாவன்? ஆராயப்பட்டவன், ஐயந் தெளிந்தவன், பிறர் நம்புதற்கு உரியவன். இத்துணைப் பொருளும் அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளன. 'பாஸ்' என்பதிலோ வாயிற்காவலனும் சீட்டுமே நம் கண்முன் தோன்றுகின்றன. நூற்றுக்கு 35 என்னும் எண்ணைக் காட்டினாற் கதவு திறக்கும். உள்ளே சென்றபின் அச்சீட்டைக் கிழித்தெறியலாம். பரீட்சை முடிந்த மாலையிலே புத்தகங்களைப் பழைய காகிதக் கடைக்கு அனுப்பும் மாணவர், சொல்லுக்கு ஏற்றவாறே நடக்கின்றனர் என்போம்.

2020 ஜூன் 9-ஆம் நாள், நோய்ப்பரவலை முன்னிட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டு, மாணவர் அனைவரும் அடுத்த வகுப்பிற்கு உரியராக அறிவிக்கப்பட்டனர். அச்செயல் காலத்திற்கு ஏற்றதே. மக்கள் அதனை 'ஆல் பாஸ்' என்றனர். அச்சொல் அவ்விடத்திற்கு எத்துணைப் பொருத்தமானது! பாஸ் என்பதை ஓர் உத்தரவால் அனைவர்க்கும் கொடுத்தல் கூடும். ஆனால் தேறுதலை யாரும் யாருக்கும் கொடுத்தல் இயலாது. அதனை அவரவர் தம் அடியால் நடந்தே எய்துதல் வேண்டும். நோயுற்றபோது நாம் வேண்டுவது பாஸான மருத்துவரையா, தேறிய மருத்துவரையா? பாலத்தின்மேல் நடக்குங்கால் அதைக் கட்டியவர் எவ்வகையினராய் இருத்தலை விரும்புவோம்?

மற்றொன்றுங் கூறி முடிப்போம். தாழ்த்தப்பட்ட மக்கள் கோயில்களுட் செல்லும் உரிமையை நிலைநாட்டும் சட்டம் 1947-ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று. ஆங்கிலத்தில் அதனையும் 'பாஸ்' ஆயிற்று என்றே கூறுவர். திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூர் என்னும் சிற்றூரில், முத்துமாரியம்மன் கோயிலுட் பட்டியல் வகுப்பு மக்கள் பல்லாண்டுகளாய் விடப்படாதிருந்தனர். 2023-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாளன்றே, மாவட்ட அதிகாரிகள் உடனிருக்க, காவலர் துணைநிற்க, அவர்கள் அக்கோயிலுள் அடிவைத்து வழிபட்டனர். சட்டம் பாஸானது 1947-இல். அடி வாயிலைக் கடந்தது 2023-இல். இடைப்பட்டவை எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாம். காகிதத்திற் பாஸாதற்கும் காலாற் கடத்தற்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க ரோமானியரின் மைற்கற்கள் போதா. ஒரே சொல் இரண்டிற்கும் நிற்பதால், முதலாவது முடிந்தவுடன் இரண்டாவதும் முடிந்ததென்று மயங்கிவிடுகிறோம். இம்மயக்கத்தையே நாம் அஞ்சுகிறோம்.

ஆகவே நம் கருத்து இது: 'பாஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லை நாட்டைவிட்டுத் துரத்தவேண்டுவதில்லை. பஸ்ஸில் நீட்டும் அட்டைக்கும், வாயிலிற் காட்டுஞ் சீட்டிற்கும் அஃது இருக்கட்டும். அங்கே அது தன் தொழிலைச் செவ்வனே செய்கிறது. ஆனால் கல்விக்குத் தேர்ச்சி என்றே கூறுவோம். உரிமைக்குக் கடத்தல் வேண்டும் என்பதை மறவாதிருப்போம். சொல்லை மாற்றுவதால் மாத்திரம் மனம் மாறிவிடும் என்று நாம் கூறவில்லை. எனினும், சரியான சொல்லை நாடி ஒரு கணம் நிற்போன், சரியான பொருளையும் நாடுவான் என்பது நம் துணிபு.

அன்றிரவு மலையுச்சியில் தீபம் எழுந்தது. கோயிலுள் நின்றார்க்கும், வீதியில் நின்றார்க்கும், தொலைவிலுள்ள வயல்வெளியில் நின்றார்க்கும் அவ்வொளி ஒரேபடியாகத் தெரிந்தது. கிரிவலப் பாதையில் எங்கோ அம்மூதாட்டியாரும் நின்று கைகூப்பியிருப்பார். பின்னர் அவர் தம் மூட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த அடியை வைத்திருப்பார்.